கேள்வி பதில்: குண்டு விமானத்துக்குள் போன கேமராக்கள்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது ‘மெம்ஃபிஸ் பெல்’ ஆவணப்படத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். 1943-ல் ஜெர்மனி மீது குண்டு வீசப் போன அமெரிக்க விமானங்களுக்குள்ளேயே உட்கார்ந்து ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் வைலரும் அவருடைய குழுவும் எடுத்து, 1944-ல் வெளிவந்த முக்கால் மணி நேரப் படம். ‘மெம்ஃபிஸ் பெல்’ என்பது அந்த விமானங்களில் ஒன்றின் பெயர். அதைக் குன்னூரில் நண்பர்கள் சேர்ந்து திரையிட்டுப் பார்த்ததையும் சொல்லியிருந்தேன். அதற்கு நீலகிரியிலிருந்து மட்டும் இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

நான் ஊட்டி இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில் கோட்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குளிரும் வறண்ட காற்றும் ஃபிலிமை என்ன பாடுபடுத்தும் என்று தெரியும். மைனஸ் 40 டிகிரியில் சுருள் உடையாமல் எப்படி ஓடியது?
— ஓய்வு பெற்ற ஊழியர், ஊட்டி

உடைந்தது ஐயா. பல தடவை உடைந்தது. நாம் திரையில் பார்ப்பது உடையாமல் தப்பிய அடிகளைத்தான்.

அவர்கள் பறந்த பி-17 என்ற குண்டு விமானத்தில் இன்றைய பயணி விமானம் மாதிரி உள்ளே காற்றழுத்தம் கிடையாது, துப்பாக்கிக்காரர்கள் நிற்கும் நடுப் பகுதியில் சூடும் கிடையாது. இயந்திரத் துப்பாக்கியை வெளியே நீட்டுவதற்காக இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்தே இருக்கும். பறந்த உயரம் ஏறக்குறைய 25,000 அடி, அதாவது நம் தொட்டபெட்டாவைப் போல மூன்று மடங்கு. ஜனவரி விடியலில் தலைகுந்தாவில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும்போது பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே போனதற்கே நாம் கையைக் கம்பளிக்குள் ஒளித்துக்கொள்கிறோம், அங்கே மைனஸ் 30, 40-ல் திறந்த ஜன்னல் வழியே காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் கேமராவுக்குச் சுருள் மாற்ற வேண்டும். தடித்த கையுறையோடு சின்னப் பற்சக்கரத்தில் ஃபிலிமைக் கோக்க முடியாது. கையுறையைக் கழற்றினால் விரல் தோல் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். உள்ளே போட்டிருக்கும் மசகெண்ணெய் இறுகிவிடுவதால் சாவி கொடுத்து ஓடும் கேமராவின் வேகம் குறைந்துகொண்டே போகும். ஈரம் போன ஃபிலிம் துளை ஓரத்தில் கிழியும். வறண்ட குளிரில் ஃபிலிம் உரசினால் மின்பொறி பறந்து மரக்கிளை போலக் கோடு விழும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

16 மி.மீ. ஃபிலிமில் 100 அடிச் சுருள் ஒன்று, நொடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கில், இரண்டே முக்கால் நிமிடம்தான் ஓடும். எதிரி விமானம் எப்போது பாயும் என்று யாருக்கும் தெரியாத வானத்தில் ஒருவர் கையில் இருந்த நேரம் அவ்வளவுதான். பொத்தானை அமுக்குவதா, இன்னும் ஒரு நிமிடம் பொறுப்பதா என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். அதோடு ஆக்சிஜன். முகமூடி இல்லாமல் அந்த உயரத்தில் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். மூக்குப் பகுதியிலிருந்து நடுப் பகுதிக்குப் போய்ப் படமெடுக்க வேண்டுமென்றால் சில நிமிடம் மட்டும் தாங்கும் சின்ன ஆக்சிஜன் புட்டியை மாட்டிக்கொண்டு, குண்டுகள் தொங்கும் அறைக்கு நடுவே உள்ள ஒற்றையடிப் பலகை மீது கேமராவையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

அவர்கள் கொண்டுவர நினைத்த பெரிய 35 மி.மீ. கருவிகள் இங்கிலாந்துக்கு வந்து சேரவே இல்லை. அதனால் கையில் பிடிக்கும் 16 மி.மீ. கேமராக்களை வைத்தே முழு வேலையையும் செய்தார்கள். சிலவற்றை விமானத்தில் பல இடங்களில் பொருத்திவிட்டார்கள். சிலவற்றை விமான வீரர்கள் கையிலேயே கொடுத்து, நேரம் கிடைத்தால் அமுக்குங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு அதை 35 மி.மீ. டெக்னிகலராகப் பெரிதாக்கித் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள். பெரிதாக்கியதில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அந்தச் சொரசொரப்பு இதனால்தான்.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். அவர்கள் பயன்படுத்தியது கோடாக்குரோம். அந்த ஃபிலிமில் நிறம் முன்கூட்டியே பூசப்பட்டிருக்காது. கழுவும்போதுதான் ஒவ்வொரு நிறமாக ஏற்றுவார்கள். கழுவுவது பெரும் தொல்லை. ஆனால் இருட்டில் பத்திரமாக வைத்தால் அந்த நிறம் அவ்வளவு சீக்கிரம் மங்காது. 80 வருடம் கழித்தும் அந்த வானம் அத்தனை நீலமாக இருப்பது இதனால்தான்.

அந்த இயக்குநர் வீட்டில் உட்கார்ந்தே பெயர் வாங்கியிருக்கலாமே, ஏன் போனார்?
— ஆசிரியை, கோத்தகிரி

பெயர் வாங்கியாகிவிட்டது அம்மா. அவருடைய ‘மிஸஸ் மினிவர்’ சிறந்த படம், சிறந்த இயக்குநர் ஆஸ்கர்களை 1943 மார்ச்சில் வாங்கியபோது அவர் விழாவில் இல்லை, இங்கிலாந்தில் விமானப்படை மேஜர் உடுப்பில் இருந்தார்.

வைலர் 1902-ல் முல்ஹவுஸ் நகரில் பிறந்த யூதர். இன்று பிரான்ஸில் இருக்கும் அந்த ஊர் அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. நாஜிகள் ஆண்ட ஐரோப்பா அவருக்குப் பத்திரிகைச் செய்தி இல்லை, சொந்த பந்தங்கள் சிக்கியிருந்த இடம். ஜெர்மனி மேல் பறந்து, விமானம் விழுந்து, உயிரோடு பிடிபட்டால் ஒரு யூதருக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் ஏறினார். ஏறுவதற்கு முன் அவரும் குழுவினரும் துப்பாக்கிப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. விமானத்தில் ஒருவருக்கு அடிபட்டால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தில் நிற்க வேண்டுமே.

அவரோடு வந்த ஒலிப்பதிவாளர் ஹெரால்ட் டானன்பாம் 1943 ஏப்ரலில் பிரான்ஸ் மீதான தாக்குதலின்போது விமானம் சுடப்பட்டு இறந்தார். முதல் உலகப்போரையே பார்த்துவிட்டு வந்த மனிதர். இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் பைலட்டின் பெயரை நினைவு வைத்துக்கொள்கிறார்கள், விமானத்துக்குப் பெயர் வரக் காரணமான மெம்ஃபிஸ் நகரத்துப் பெண்ணைக்கூட நினைவு வைத்துக்கொள்கிறார்கள். டானன்பாம் பெயரை யாரும் சொல்வதில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வைலரும் முழுசாகத் திரும்பவில்லை. 1945-ல் அடுத்த படத்துக்காக இத்தாலி மீது பி-25 விமானத்தில் பறந்து படமெடுத்துவிட்டு இறங்கியபோது காது கேட்கவில்லை. ஒரு காதில் கொஞ்சம் திரும்பி வந்தது, இன்னொன்று போனது போனதுதான். ‘காந்தி’ படம் எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோவுக்கும் இதே கதை. இளைஞராக இருந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையின் படப்பிரிவில் சேர்ந்து, குண்டு விமானத்தின் வால் பக்கத் துப்பாக்கிக்காரர் இடத்திலிருந்து கேமரா இயக்கினார். அதற்கான பயிற்சியில் அவர் காது நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது.

படத்தில் விமான வீரர்கள் பேசிக்கொள்வது விமானத்தில் பதிவு செய்ததே இல்லையாமே? அப்புறம் எப்படி அதை ஆவணப்படம் என்கிறீர்கள் சார்?
— கல்லூரி மாணவர், குன்னூர்

நல்ல கேள்வி தம்பி, திரையிடலுக்குப் பிறகும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

நான்கு எஞ்சின், ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன், பக்கத்தில் இயந்திரத் துப்பாக்கிகள். அந்தச் சத்தத்தில் அன்றைய கருவியை வைத்து வீரர்கள் பேசுவதைப் படத்தோடு சேர்த்துப் பதிவு செய்ய வழியே இல்லை. படம் ஊமையாகத்தான் எடுக்கப்பட்டது. ஊர் திரும்பத் தேவையான 25 தாக்குதல்களை முடித்து, ஊர் திரும்பிய பிறகு அதே பத்துப் பேரை ஹாலிவுட்டில் ஒரு ஒலிப்பதிவு அறையில் உட்கார வைத்து, திரையில் ஓடுவதைப் பார்த்துப் பேச வைத்தார்கள். அவர்கள் நடிகர்கள் இல்லை, தாங்கள் பேசியிருக்கக்கூடியதைத் தாங்களே பேசினார்கள். அவ்வளவு தூரம் சரி.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. படம் 1943 மே 15 அன்று வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தின் மீது நடந்த ஒரே தாக்குதலைக் காட்டுவது போல இருக்கும். உண்மையில் பல நாட்களில், பல விமானங்களிலிருந்து எடுத்த துண்டுகளைச் சேர்த்து ஒரே நாளாக ஆக்கியிருக்கிறார்கள்.

அந்த ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் பறந்த பி-17 ஒன்று கட்டுப்பாடு இழந்து சுற்றிச் சுற்றிக் கீழே போகிறது, நம் விமானத்திலிருந்து ஒரு குரல் ‘குதிங்கப்பா, குதிங்கப்பா’ என்கிற மாதிரி பதறுகிறது, ஒவ்வொரு பாராசூட்டாக எண்ணுகிறார்கள். அரங்கத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. விழுந்த விமானம் உண்மை, உள்ளே பத்துப் பேர் இருந்தது உண்மை, விரிந்த பாராசூட் உண்மை. குரல் பல மாதம் கழித்து, சூடான அறையில், மைக் முன்னால் வந்தது. அந்தக் குரலைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை, அதே மாதிரி ஒரு விமானம் விழுவதைக் கண்ணால் பார்த்தவர்கள்தானே பேசியது. ஆனாலும் அந்த நொடியில் நம்மை உலுக்குவது படமா குரலா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான் என்ன செய்வேன் என்றால், போர்க்கால ஆவணப்படம் எதுவானாலும் முதல் தடவை முழுசாகப் பார்ப்பேன், இரண்டாவது தடவை சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்ப்பேன். ‘மெம்ஃபிஸ் பெல்’ சத்தம் இல்லாமல் வேறு படம் ஆகிவிடுகிறது. வெற்றி முழக்கம் போய்விடும், முகமூடிக்குள் இருக்கும் கண்கள் மட்டும் மிஞ்சும். பலருக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான். பலர் உன்னைவிடப் பெரியவர்கள் இல்லை தம்பி.

25 தடவை தாக்குதலுக்குப் போய்த் திரும்பிய முதல் விமானம் அதுதானா? நம் விமானப்படையிலும் இந்த மாதிரிப் பெரிய குண்டு விமானம் இருந்ததா?
— முன்னாள் ராணுவ வீரர், வெலிங்டன்

முதல் விமானம் இல்லை ஐயா. ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்ற பி-17 நான்கு நாள் முந்திக்கொண்டு 1943 மே 13-ல் 25-ஐ முடித்துவிட்டது. ‘ஹாட் ஸ்டஃப்’ என்ற பி-24 அதற்கும் முன்பே 25-ஐத் தாண்டியிருந்தது. ஊர் திரும்பும் வழியில் 1943 மே 3 அன்று ஐஸ்லாந்து மலையில் மோதியதால் அதை வைத்து ஊர் ஊராக விழா எடுக்க முடியாமல் போனது. மெம்ஃபிஸ் பெல் குழு தன் 25-ஆவது பயணத்தை முடித்தது மே 17. கேமரா இருந்த விமானத்துக்குப் புகழ் போய்ச் சேர்ந்தது.

நம் விமானப்படை அந்தப் போரில் பர்மா எல்லையில் வெஞ்சன்ஸ் என்ற இரண்டு பேர் அமரும் குண்டு விமானத்தை ஓட்டியது. பெரிய நான்கு எஞ்சின் விமானம் கிடைத்தது சுதந்திரத்துக்குப் பிறகு. பிரிட்டிஷார் கான்பூரில் கழித்துப் போட்டுவிட்டுப் போன பி-24 லிபரேட்டர்களை இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் (இன்றைய இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) ஆட்கள் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து பெங்களூருக்கு ஓட்டிச் சென்று சரிசெய்தார்கள். அவை 1968 வரை நம் படையில் பறந்தன. இதை யாராவது அப்போதே கூட இருந்து படம் எடுத்து வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பிரிட்டிஷார் இப்படி எதுவும் எடுக்கவில்லையா?
— வாசகர், கூடலூர்

எடுத்தார்கள், அமெரிக்கர்களுக்கு முன்பே எடுத்தார்கள். ‘டார்கெட் ஃபார் டுநைட்’, 1941 ஜூலையில் வெளிவந்தது, இயக்கியவர் ஹாரி வாட். ஒரு வெலிங்டன் குண்டு விமானம் (நம் வெலிங்டன் ஊருக்குப் பெயர் தந்த அதே பிரபுவின் பெயர்தான்) ராத்திரியில் ஜெர்மனிக்குப் போய்த் திரும்புவது கதை. தொழில்முறை நடிகர் ஒருவர்கூட இல்லை, எல்லோரும் விமானப்படை ஆட்கள். விமானத்தின் உட்பக்கத்தை ஸ்டூடியோவில் வைத்து எடுத்தார்கள். ராத்திரி இருட்டில் வேறு வழியும் இல்லை. பைலட்டாக வந்த பெர்சி பிக்கார்டு 1944 பிப்ரவரியில் அமியேன் சிறை மீது நடந்த தாக்குதலில் இறந்துபோனார். படத்தில் வந்த வேறு பலரும் போர் முடியும் வரை இருக்கவில்லை.

நான் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல விரும்புவது வேறு. படத்தில் அந்த ஒற்றை விமானம் இலக்கைக் கண்டுபிடித்து, குறி பார்த்து, சரியாக அடித்துவிட்டு வரும். மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அதே கோடையில் லண்டனில் ஒரு அரசு அதிகாரி இன்னொரு வகைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு விமானங்களில் தானாக இயங்கும் ஒரு நிலைக் கேமராவைப் பொருத்தி, குண்டு விழும்போது ஒளிக்குண்டு வெடிக்க வைத்து, கீழே என்ன இருக்கிறது என்று எடுப்பார்கள். அப்படி எடுத்த அறுநூறுக்கும் மேற்பட்ட படங்களை அலசி ஆகஸ்டில் அந்த அதிகாரியின் பெயரால் ‘பட் அறிக்கை’ வந்தது. இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள்ளாவது போயிருக்கிறது! அந்த அறிக்கை ரகசியமாகவே இருந்தது. படம் திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தது.

ஹாரி வாட் பொய் சொல்ல நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. படத்தில் நடித்த வீரர்களும் தாங்கள் இலக்கை அடித்தோம் என்றே நம்பினார்கள். ஆனால் யாருடைய கையும் படாத அந்தச் சின்னக் கேமரா கண்டதும், இயக்குநர் காட்டியதும் ஒரே கோடையில் இப்படி நேர் எதிராக நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது, ஏனென்றால் போருக்குப் போன பையன்களும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறக்குறைய 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள்.

அந்தப் போரைப் பற்றித் தமிழில் படம் வந்ததா?
— வாசகர், கட்டபெட்டு

வந்தது, கதைப்படமாக. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் 1945-ல் எடுத்த ‘பர்மா ராணி’. குண்டு வீசப் போன இந்திய விமானம் ஜப்பானியர் கையில் இருந்த பர்மாவில் விழ, தப்பிய விமானிகள் அங்கிருந்து எப்படி மீள்கிறார்கள் என்பது கதை. கே.எல்.வி.வசந்தா நடித்தார். ஜப்பானிய அதிகாரியாகச் சுந்தரமே வந்தார். கே.சுப்பிரமணியம் ‘மான சம்ரட்சணம்’ எடுத்தார். போருக்கு ஆதரவாகப் படம் எடுங்கள் என்று அரசாங்கம் தயாரிப்பாளர்களை நெருக்கிய காலம். கச்சா ஃபிலிம் பற்றாக்குறையால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடும் இருந்தது. ஆவணப்படங்களை அரசாங்கமே ‘இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா’ என்ற பெயரில் எடுத்துத் திரையரங்குகளில் கட்டாயமாக ஓட்ட வைத்தது.

இதற்கு நடுவில்தான் நம்ம ஏ.கே.செட்டியார் உலகம் முழுக்கச் சுற்றிப் பழைய ஃபிலிம் துண்டுகளைத் தேடிச் சேர்த்து 1940-ல் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தைக் கொண்டுவந்தார். அவர் பின்னால் எந்த ராணுவமும் இல்லை, எந்த ஸ்டூடியோவும் இல்லை.

உங்கள் திரையிடலுக்கு நான் வந்திருந்தேன். விமானத்தில் இருப்பவர்களுக்காக அழுகை வந்தது. ஆனால் குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர்கள் எங்கே? அவர்களை யாரும் படம் எடுக்கவில்லையா?
— இல்லத்தரசி, குன்னூர்

நீங்கள் எழுந்து போகும்போது இதைத்தான் கேட்டீர்கள் அம்மா, நின்று பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

25,000 அடியிலிருந்து பார்த்தால் மனிதர் தெரியமாட்டார். தெரு கோடாகத் தெரியும், துறைமுகம் கட்டம் கட்டமாகத் தெரியும், குண்டு விழுந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பூ விரிகிற மாதிரி இருக்கும். கேமரா எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கே இருப்பவர்களோடுதான் நம் மனசும் உட்காரும். அந்த விமானத்துக்குள் பத்து முகங்களை அரை மணி நேரம் நெருக்கமாகப் பார்த்த பிறகு அவர்கள் திரும்பி வர வேண்டும் என்று நாம் வேண்டிக்கொள்கிறோம், வேண்டாமல் இருக்க முடியாது. திரும்பி வருவதற்கு முன் அவர்கள் செய்ய வேண்டிய வேலை என்ன என்பது நம் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது.

படம் எடுக்கப்பட்ட அதே 1943-ல், ஜூலைக் கடைசியில், ஹம்பர்க் நகரத்தின் மீது பிரிட்டிஷ் விமானங்கள் ராத்திரியிலும் அமெரிக்க விமானங்கள் பகலிலும் தொடர்ந்து குண்டு வீசின. ஒரு ராத்திரி தீப்புயலே எழுந்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 37,000 பேர், பெரும்பாலும் வீட்டில் இருந்தவர்கள். அந்தத் தெருக்களுக்குள் நின்று வைலரைப் போல ஒருவர் வண்ணத்தில் படமெடுத்து உலகத்துக்குக் காட்டவில்லை.

அதற்காக வைலர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாஜிகளை நிறுத்தியாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தன் சொந்த ஊர் யூதர்கள் துடைத்தெடுக்கப்பட்டதைத் திரும்பிப் போய்ப் பார்த்த மனிதரிடம் நான் அங்கே பார், இங்கே பார் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்று படம் போட்டுக் காட்டுகிற எங்களுக்கு அந்தப் பொறுப்பு இருக்கிறது. அடுத்த தடவை இந்தப் படத்தைத் திரையிடுவதற்கு முன் ஹம்பர்க்கின் புகைப்படங்களைச் சுவரில் மாட்டி வைக்கப்போகிறோம், பார்ப்பவர்கள் உள்ளே வரும்போதும் பார்க்கட்டும், வெளியே போகும்போதும் பார்க்கட்டும்.

வைலர் 1946-ல் எடுத்த கதைப்படம் ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’. குண்டு வீசும் வேலை பார்த்து ஊர் திரும்பிய ஒருவன் காயலான் கடையில் வரிசையாகக் கிடக்கும் பழைய பி-17-களில் ஒன்றின் மூக்குக்குள் ஏறித் தனியாக உட்கார்ந்திருப்பான். எஞ்சின்கூட இல்லாத விமானம். அவன் நெற்றி வேர்க்கும். முழுக்கக் கதைதான், வருபவர் நடிகர்தான். அந்த வேலை ஒரு மனிதனுக்குள் என்ன விட்டுவிட்டுப் போகும் என்பதை ஆவணப்படத்தைக் காட்டிலும் அந்தச் சில நிமிடங்கள் எனக்கு அதிகம் சொன்னது. காது சரியாகக் கேட்காமல், மைக்கோடு இணைத்த ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டுதான் அந்தப் படத்தை இயக்கினார்.

நான் கேத்தியில் இருக்கிறேன். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் அந்தக் காலத்தில் வேலை பார்த்த பெரியவர்களின் நினைவுகளை ஆவணப்படமாக எடுக்க ஆசை. கையில் ஒரு போனும் ஒரு சின்ன மைக்கும்தான் இருக்கிறது. இவர்களிடமிருந்து எதைக் கற்றுக்கொள்வது?
— இதழியல் மாணவி, கேத்தி

ரொம்ப சந்தோஷமம்மா. இரண்டு உலகப்போருக்கும் நம் மலையிலிருந்து கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்து போனது அந்தத் தொழிற்சாலையிலிருந்துதான், அதைச் செய்தவர்களின் கதையை யாரும் சரியாகக் கேட்டு வைக்கவில்லை.

பாதுகாப்புத் துறை இடம் என்பதால் தொழிற்சாலை வாசலில்கூடக் கேமராவைத் தூக்காதே, வீடுகளில் எடு. கேள்வியை வேலையிலிருந்து ஆரம்பி: காலையில் எத்தனை மணிக்குச் சங்கு ஊதும், உள்ளே போகும்போது என்னென்ன சோதிப்பார்கள், எந்தச் செருப்பு போட வேண்டும், கையில் என்ன வாசனை தங்கும், வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள். போர் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று எடுத்தவுடன் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். கையைப் பற்றிக் கேட்டால் கை பேசும், பிறகு மற்றதெல்லாம் தானாக வரும்.

வைலரிடம் இல்லாதது உன்னிடம் இருக்கிறது, ஒலி. படத்தைவிட அதற்கு அதிகம் கவனம் கொடு. ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு முடிந்த பிறகு யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய், எடிட்டிங்கில் காப்பாற்றும். பின்னால் சோக இசை போடாதே. யார், எந்த ஊர், எந்தத் தேதி என்று பேச்சின் முதல் வரியிலேயே அவர்கள் வாயாலேயே சொல்ல வை. குளிரில் வெளியே எடுத்துவிட்டு அடுப்பு எரிகிற வீட்டுக்குள் நுழைந்தால் லென்ஸில் ஆவி படியும், அதனால் போனைப் பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பிறகு வெளியே எடு.

முக்கியமாக, உன் படத்தில் சேர்க்காத பகுதியை அழிக்காதே. வைலர் குழு எடுத்துப் பயன்படுத்தாமல் விட்ட ஏறக்குறைய 15 மணி நேரப் படச்சுருள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்தது. அதிலிருந்து 2018-ல் எரிக் நெல்சன் ‘தி கோல்டு ப்ளூ’ என்று புதிய ஆவணப்படம் செய்தார். அப்போது உயிரோடிருந்த ஒன்பது முன்னாள் விமான வீரர்களின் குரலை மட்டும் வைத்துக்கொண்டார், வேறு விளக்கக் குரல் இல்லை. அப்போது பறக்கும் நிலையில் இருந்த ஒரு பி-17-ல் ஏறி எஞ்சின் சத்தத்தைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். 1944-ல் முழக்கமாகக் கேட்டது, தொண்ணூறு வயதைத் தாண்டியவர்களின் வாயில் குளிராகவும் பயமாகவும் பக்கத்தில் நின்றவனின் பெயராகவும் வருகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் பார். ‘மெம்ஃபிஸ் பெல்’ அமெரிக்க அரசின் படம் என்பதால் உரிமைச் சிக்கல் இல்லாமல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அப்புறம், யாரிடம் முதலில் போவது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இருப்பவர்களில் வயதில் மூத்தவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விடு. கேள்வித்தாள் தயாராகட்டும், நல்ல மைக் வாங்கட்டும், மழை விடட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.